ஒன்பது அமுதக் குப்பிகள்

என் அண்ணன் நொபுயுகிக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் வந்ததைச் சொல்லவில்லை, அது பிற்பாடு வந்தது. நல்ல பொருள் எது கையில் கிடைத்தாலும் "அப்புறம்" என்று எடுத்து வைத்துவிடுவான். கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் இருக்கும் ஸ்ட்ராபெரியைக் கடைசியில் தின்பதற்காகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவான். நான் லபக்கென்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். அழக்கூட மாட்டான். அடுத்த வருடமும் அதே ஓரத்தில்தான் ஒதுக்குவான்.

அமகசாக்கியில் போல்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தான். கொடுத்த லீவை எடுத்ததே இல்லை, அவசரத்துக்கு வேண்டுமாம். பேக்கிங் பிரிவில் கயோ என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் இவன்மேல் ஒரு கண்தான். போய்ச் சொல்லித் தொலையேன் என்று நான் பிடுங்கி எடுத்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றான். பதினோரு வருடம் நேரம் பார்த்தான். அவள் ஹிரோஷிமாக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டிவி கேமிலும் அதே கதைதான். 'நான்கு மணிகளின் கோபுரம்' என்று ஒரு பழைய கேஸட். நான்கு பேர் ஊர் ஊராக அலைந்து, பூதங்களோடு சண்டை போட்டு, கடைசியில் ஒரு கோபுரத்தின் உச்சியில் நிழல் ராஜாவை வீழ்த்த வேண்டும். அவனுக்குப் பதினேழு வயதில் அந்தக் கோபுர வாசல் வரைக்கும் போனான். போனவன் அங்கேயே நிறுத்திவிட்டான். முடித்துவிட்டால் தீர்ந்துபோய்விடுமே என்றான். அதற்கப்புறம் வேலை, அம்மாவின் நோய், அம்மாவின் சாவு. எல்லாம் ஓய்ந்து நாற்பத்தாறு வயதில் மறுபடி கேஸட்டைச் செருகினால், உள்ளே இருந்த பட்டன் பேட்டரி செத்துப்போய், விளையாடி வைத்ததெல்லாம் அழிந்திருந்தது. முடிவை அவன் பார்க்கவே இல்லை.

நாற்பத்தொன்பதில் தொழிற்சாலை மருத்துவச் சோதனையில் கண்ணில் பிரஷர் என்று கண்டுபிடித்தார்கள். தினமும் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டால் போதும், பார்வை இப்படியே நிற்கும் என்றார் டாக்டர். மாதா மாதம் ஒழுங்காகப் போய் மருந்து வாங்கி வந்தான். அப்படியும் வலது கண் போயிற்று. இடது கண்ணில் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிச்சம். மருந்து விட்டும் பிரஷர் ஏன் இறங்கவில்லை என்று டாக்டரே குழம்பினார்.

போன மே மாதம் அவன் வீட்டுக்கு முள்ளங்கி கொண்டுபோனேன். ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டை இழுத்தேன். உள்ளே சொட்டு மருந்துப் புட்டிகள். சீல் உடைக்காதவை, தேதி வாரியாக வரிசையாக நின்றன. முப்பத்தெட்டு எண்ணினேன். பாதிக்கு மேல் காலாவதி.

"என்னண்ணா இது?"

"இப்ப நல்லாத்தானே தெரியுதுன்னு இருந்துச்சு. ரொம்ப மோசமானா போட்டுக்கலாம்னு வெச்சேன். சும்மா இருக்கும்போதே போட்டா பழகிப்போய் அப்புறம் கேக்காம போயிடுமோன்னு..."

"நீ மனுஷனா? பைத்தியமா?"

முள்ளங்கியை வைக்க இடமில்லாமல் அப்படியே தரையில் போட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து மருந்தை ஒழுங்காக விட்டான். ஆனால் போனது போனதுதான். அக்டோபரில் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஆபரேஷன் செய்தால் இருக்கிற கொஞ்சம் நிற்கலாம், அல்லது அன்றைக்கே அதுவும் போகலாம். செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் நிச்சயமாகப் போய்விடும். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: அதற்குள் முடித்துவிடலாம் இல்லையா? எனக்குப் புரிந்துவிட்டது. வசந்த காலத்திலேயே பேட்டரியை மாற்றி, அந்த விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான். இப்போது வரும் விளையாட்டுகளில் எழுத்தெல்லாம் எறும்பு போல இருக்கிறது. பழையதில் ஒவ்வொரு எழுத்தும் செங்கல் அளவு. அது ஒன்றைத்தான் அவனால் படிக்க முடிந்தது.

எனக்குச் சலவைக்கடை. ஞாயிறு மட்டும் விடுமுறை. ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு மதியம் ஆரஞ்சுப் பழங்களை வாங்கிக்கொண்டு போனேன். டப்பா டிவிக்கு ஒரு சாண் தள்ளி, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணுக்கு எட்டாத ஓரங்களை நான் படித்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த நான்கு பேருக்கும் அவன் வைத்திருந்த பெயர்களைப் பார்த்தேன். நொபு, அம்மா, மசுமி, கயோ. மசுமி நான்தான். மற்றவர்களுக்குக் காயம் ஆற்றும் பூசாரிப் பெண்ணாம். எனக்கு அந்தக் குணம் இருப்பதாக இதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

கோபுரத்துக்குள் போனால் நடுவில் சேவ் செய்ய இடம் கிடையாது. செத்தால் வாசலுக்கு வெளியே இருக்கும் கோயிலிலிருந்து மறுபடி ஏற வேண்டும். மூன்று மணி நேரம் ஏறினான். பையில் ஒன்பது அமுதக் குப்பிகள் இருந்தன. ஒரு குப்பி குடித்தால் குற்றுயிராகக் கிடப்பவர்கூட முழுசாக எழுந்துவிடுவார். எந்தக் கடையிலும் விற்காது. மொத்த விளையாட்டிலும் ஒன்பதே ஒன்பதுதான்.

நிழல் ராஜா வந்தான். முதல் அடியிலேயே மசுமி பாதி காலி. அமுதத்தை எடு என்றேன். இவன் இன்னும் உருமாறுவான், இதுக்கெல்லாம் எடுக்கக் கூடாது என்றான். சொன்னபடியே ராஜா உருமாறினான். மசுமி செத்தாள். இப்போதாவது எடு என்றேன். இன்னொரு உருவம் இருக்கும் என்றான். அம்மா போனாள். கயோ போனாள். நொபு மட்டும் நாற்பத்தொரு புள்ளி உயிரோடு நின்றான்.

"அண்ணா, உன் கால்ல விழறேன். எடு."

பையைத் திறந்தான். திரையில் பட்டியலும், தேர்ந்தெடுக்கும் அம்புக்குறியும் வந்தன. வியர்வையில் பட்டன் வழுக்கியது.

"அம்பு எங்க நிக்குது, மசுமி? எனக்குத் தெரியல."

"மூணாவது வரி. அமுதத்து மேலதான் நிக்குது. அமுக்கு."

கட்டைவிரல் பட்டன்மேலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு பையை மூடிவிட்டான். ஒரு வெட்டு போதும், அவனுக்கும் உயிர் கொஞ்சம்தான் இருக்கும் என்று முனகினான். வெட்டினான். ராஜா சாகவில்லை. அடுத்த அடியில் திரை கறுத்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஆரஞ்சைப் பிசைந்துவிட்டேன். செத்தவனுக்கு எதுக்குடா ஒன்பது குப்பி என்று கத்தினேன். அண்ணனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி ஏறச் சொன்னேன். கண் வலிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றான். திங்களும் செவ்வாயும் தனியாக ஏறிப் பார்த்திருக்கிறான். ஓரம் படிக்க ஆளில்லாமல் பாதிக் கோபுரத்திலேயே செத்தான். கடையைச் சாத்திவிட்டு நான் போயிருக்கலாம். போகவில்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தான்.

ஆபரேஷன் கைகொடுக்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை, டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். கட்டுப் பிரித்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, நீ விளையாடு, நான் வழி சொல்கிறேன் என்றான். எனக்கு அந்தப் பட்டன்களைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் கோபுரம் முழுக்க அவன் தலைக்குள் இருந்தது. இடதுபக்கம் பன்னிரண்டு அடி, படி, பெட்டியைத் திறக்காதே, மேலே போ என்று இருட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே வந்தான். நான்கு மணி நேரம் ஆனது. நிழல் ராஜாவின் பாட்டு ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டான்.

முதல் அடி விழுந்ததுமே அமுதத்தை எடுத்தேன். கீறலுக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, தப்புப் பட்டன் அமுக்கி முழு உயிரோடு இருந்த அம்மாவுக்கு ஒன்று. ஒவ்வொரு குப்பிக்கும் கணகணவென்று ஒரு சத்தம் வரும். அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தான் என்று அவன் உதட்டைப் பார்த்தே தெரிந்தது. ராஜா இரண்டாவது உருவம் எடுத்தான், ஏழாவது குப்பி. மூன்றாவது உருவம் இல்லவே இல்லை. ஒன்பதாவது குப்பி காலியான கொஞ்ச நேரத்தில் அவன் பொடிப்பொடியாக உதிர்ந்தான். மொத்தம் இருபது நிமிடம்.

பிறகு முடிவு வந்தது. நால்வரும் மலையிலிருந்து இறங்குகிறார்கள். கீழே கடல். ஒருவரும் எதுவும் பேசவில்லை, மணி மட்டும் அடிக்கிறது. தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டான். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் என்றேன். கயோ எங்கே நிற்கிறாள் என்றான். உன் பக்கத்தில் என்றேன். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் கேட்டான்.

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் என்றைக்குத்தான் யோசித்துப் பேசியது?

"இல்லண்ணா. ஒண்ணுமே கஷ்டமில்ல."

தலையை ஆட்டினான். சிறிது நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு முகத்தை மேலே தூக்கி, இரண்டு கண்ணையும் விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டான்.

"மருந்து போடு, மசுமி."

வலி வராமல் இருக்க இன்னும் மருந்து விட வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆறு மணிக்குத்தானே, இப்போது நாலரைதான் ஆகிறது என்றேன்.

"பரவால்ல," என்றான். "இப்பவே போடு."