மூன்றாவது புட்டியில் புகை

நினோவ ஊர் நகராட்சியின் இரண்டாம் எண் கவுன்டரில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற ஃபிர்மின் டெ போக்கின் முகம் ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவரிடம் வீட்டுமாற்றப் படிவத்தில் முத்திரை வாங்கியவர்கள் அவரையும் கண்ணாடித் தடுப்பையும் ஒரே பொருளாகவே கருதினார்கள். இதில் அவருக்கு மனக்குறை ஏதும் கிடையாது. வருடத்தில் ஒரு நாள் அவர் பேச, மூன்று பேர் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்கள். அது போதும்.

அந்த நாள் டிசம்பர் இருபத்தெட்டு. கிறிஸ்துமஸுக்கென்று பியர் ஆலைகள் காய்ச்சி இறக்கும் கெட்டியான பியர்களை நால்வரும் அவர் வீட்டில் கூடி ருசி பார்ப்பார்கள். புட்டிகளுக்குக் கழுத்துவரை பழைய கால்பந்து சாக்ஸ் மாட்டிவிட வேண்டும். எந்த ஊர்ச் சரக்கு என்று யாருக்கும் தெரியக் கூடாது. ஃபிர்மின் முதலில் முகர்ந்து தீர்ப்புச் சொல்வார். மற்றவர்கள் அதை எழுதிக்கொண்டு குடிப்பார்கள். இருபத்தாறு வருடமாக அவருடைய பதவியின் பெயர் ‘மூக்கு’. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்து நாற்காலி மூக்குக்கு உரியது. எந்த ஊர்ச் சரக்கு என்று ஊகிப்பதில் யார் அதிகம் சொதப்புகிறார்களோ, அவர்கள் அடுத்த வருடம் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஊற்ற வேண்டும், குடிக்கக் கூடாது.

அக்டோபரில் வந்த ஜலதோஷம் மூன்றாம் நாள் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

முதலில் அவர் காப்பியைச் சந்தேகித்தார். கடையை மாற்றினார். பிறகு சோப்பு, வினிகர், கிராம்பு, தன் சொந்தக் காலணி என்று ஒவ்வொன்றாக முகத்தருகே கொண்டுவந்து விசாரித்தார். எதுவும் வாயே திறக்கவில்லை. “திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். நகராட்சியில் தானே ஆயிரம் தரம் சொன்ன வாக்கியத்தை எதிராளி இடத்திலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் ஃபிர்மினுக்குத் தெரிந்தது. நவம்பர் முழுக்க உப்புத்தண்ணீரை மூக்கில் ஏற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுத் தோலை இரண்டு துவாரங்களிலும் செருகிக்கொண்டு மாதா கோயில் மணி அடிக்கும்வரை அசையாமல் படுத்திருந்தார். மாதாவும் கைவிட்டாள்.

மூக்கு போய்விட்டதென்று ஒப்புக்கொண்டால் மறுபடி கண்ணாடித் தடுப்பாக வேண்டியதுதான். எனவே மனப்பாடம் செய்யத் தொடங்கினார். இருபத்தாறு வருடத்துத் தன் தீர்ப்புகளைப் பள்ளிப் பையன்போல் நடந்துகொண்டே ஒப்பித்தார். நாக்கில் இனிப்பு, கசப்பு, புளிப்பு மிச்சம் இருந்தன. கண்ணுக்கு நிறம் தெரியும், தொண்டைக்குச் சூடு தெரியும். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மூக்கைக் கட்டி எழுப்பிவிடலாம் என்று நம்பினார்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் மூன்று மணிக்கு வந்துவிட்டார்கள்: பன்றிக்கறிக் கடை ஹூபர்ட், ரயில் டிக்கெட் பரிசோதகர் வில்ஃப்ரீட், பாதி ஊருக்குப் பிரசவம் பார்த்த லிவினா. சமையலறையில் உலர்ந்த பிளம் போட்டு முயல்கறி வெந்துகொண்டிருந்தது. மேஜையில் பாலாடைக்கட்டித் துண்டும் கடுகு விழுதும். போன வருடம் தோற்ற வில்ஃப்ரீட் ஏப்ரனோடு நின்றார்.

முதல் புட்டி கறுப்பு, இனிப்பு, தொண்டையில் நெருப்பு. ஃபிர்மின் கண்ணை மூடினார். “ஆரஞ்சுத் தோல். கொத்தமல்லி விதை. கருகக் காய்ச்சின சர்க்கரை. பின்னாடி, ரொம்பத் தூரத்துல, அத்திப்பழம்.”

“தூரத்துலயா?” என்றார் ஹூபர்ட்.

“நீ கிட்டத்துல தேடினா எப்படிக் கிடைக்கும்?”

ஹூபர்ட் ‘தூரத்தில் அத்தி’ என்று எழுதிக்கொண்டார். இரண்டாவது புட்டி புளித்தது. ஓக் பீப்பாய், செர்ரி என்று இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தை ஃபிர்மின் அப்படியே ஒப்பித்தார். லிவினாகூடத் தலையாட்டினாள். சட்டைக்குள் வேர்வை வழிந்து இடுப்பில் தேங்கியது.

மூன்றாவதை ஊற்றியதும் ஹூபர்ட் முகத்தைச் சுளித்தார்.

“என்னப்பா இது, புகை வாசனை அடிக்குது?”

மூவரும் ஃபிர்மினைப் பார்த்தார்கள். இல்லை என்றால் மாட்டிக்கொள்வார். ஆமாம் என்றால் எந்தப் புகை என்று சொல்ல வேண்டும். கிளாஸுக்குள் மூக்கை நுரை படும்வரை இறக்கினார்.

“ஆமாமா, புகை. பீச் மரத்துப் புகை. முளைவிட்ட பார்லியைப் புகையில காய வச்சிருக்கான். தைரியமான ஆளு.”

“எனக்கு அப்படித் தெரியலையே,” என்றாள் லிவினா. “ரூம் பூரா...”

“நல்ல புகை அப்படித்தான் லிவினா. கிளாஸுக்குள்ள அடங்காது.”

மூவரும் பயபக்தியோடு எழுதினார்கள். நான்காவது புட்டி தேன் நிறம்.

“இதுலயும் புகைதான்,” என்றார் ஹூபர்ட். “முன்னதைவிட ஜாஸ்தி.”

“முன்னது நாக்குல ஒட்டியிருக்கு. பாலாடைக்கட்டியைத் தின்னு.”

“தின்னுட்டேன். அதுலயும் புகை.”

“அப்ப ரெண்டு துண்டு தின்னு.”

எந்த மூக்கில் ஏறினாலும் இது கருகல் வாசனைதான் என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அது முற்றியிருந்தது. ஆனாலும் இருபத்தாறு வருட நம்பிக்கை சாமானியமா? பாதி ஊரின் முதல் அழுகையைக் கேட்ட லிவினா, இருமிக்கொண்டே ‘பீச் மரம், தொண்டையில் நீடிக்கும் ருசி’ என்று எழுதினாள். வில்ஃப்ரீட்தான் ஏப்ரனை உயர்த்திக் கண்ணைத் துடைத்தார்.

“ஃபிர்மின்... கதவுக்கு அடியில என்னவோ சாம்பல் கலர்ல வருதுப்பா.”

முயல் கரிக்கட்டையாகியிருந்தது. பிளம் பழங்கள் பாத்திரத்தோடு ஒன்றாகிவிட்டன. ஜன்னல்களைத் திறந்தார்கள்; டிசம்பர் உள்ளே வந்து உட்கார்ந்தது. ஹூபர்ட் சிரிக்க ஆரம்பித்தார். லிவினா சிரிக்கவில்லை. பிரசவ அறையில் குரல் தாழ்த்திப் பேசுகிற மாதிரி கேட்டாள்.

“அடுப்பங்கரைக் கதவுக்கு நீதான்ப்பா கிட்ட இருந்தே. எத்தனை நாளா?”

“அக்டோபர்லேருந்து,” என்றார் ஃபிர்மின்.

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே. ராத்திரி எந்திரிச்சு கேஸ் குமிழைக் கையால தடவிப் பாக்குறேன். என் சட்டை நாறுதான்னு எனக்குத் தெரியல. உங்ககிட்ட சொல்லியிருந்தா... நீங்க அடுத்த வருஷம் எதுக்குடா வரப்போறீங்க இங்க?”

வில்ஃப்ரீட் சட்டப்படி நடக்கும் மனிதர், ரயிலில் சொந்த மச்சானுக்கே அபராதம் போட்டவர். ஏப்ரனை அவிழ்த்து ஃபிர்மின் இடுப்பில் கட்டினார். முடிச்சு மட்டும் இரண்டு தரம் நழுவியது.

ஃபிர்மின் ஐந்தாவது புட்டியைச் சாய்த்து, ஈஸ்ட் வண்டல் புட்டியோடு நிற்கும்படி, நுரை இரண்டு விரல் எழும்படி ஊற்றினார். நீட்டிவிட்டுக் கேட்டார்: “என்ன வாசனை?”

ஹூபர்ட் முகர்ந்தார். “பியர் வாசனை.”

“வில்ஃப்ரீட்?”

“நல்ல வாசனை.”

“நல்லதுன்னா?”

“அதெல்லாம் நீதானே சொல்லுவே. நாங்க எழுதுவோம்.”

இருபத்தாறு வருடமாக இந்த மேஜையில் ஒரே ஒரு மூக்குதான் வேலை செய்திருக்கிறது என்பதும், மற்ற மூன்றும் குளிரில் சிவக்க மட்டும் வைத்துக்கொண்டவை என்பதும் ஃபிர்மினுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் பதவி போனதைவிட இது மோசம். தனக்கு இல்லாத வாசனை இனி இந்த அறையில் யாருக்குமே இல்லை.

“சொல்லுங்கடா,” என்றார். “தப்பா இருந்தாலும் பரவாயில்ல. ஒரு வார்த்தை. எதுமாதிரி இருக்கு?”

லிவினா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடினாள்.

“மழையில நனைஞ்ச நாயைக் கார்ல ஏத்தினா, அப்புறம் சீட்டு காஞ்சதும் ஒரு வாசனை வருமே, அது.”

“அது நாத்தமாச்சே,” என்றார் ஹூபர்ட்.

“நாய் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா நாத்தம் இல்ல.”

ஃபிர்மின் நாய் வளர்த்ததில்லை. காரும் வைத்திருந்ததில்லை. சட்டத்தை மீறி அவள் கிளாஸை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். இனிப்பு, கசப்பு, தொண்டையில் கொஞ்சம் சூடு. அதற்கு மேல் கதவு சாத்தியே இருந்தது.

“இன்னொரு தரம் சொல்லு லிவினா,” என்றார். “மெதுவா. என்ன நாய், என்ன கலருங்கறதுலேருந்து ஆரம்பி.”