அளவுச் சீட்டு இல்லாத கடை

ஒருவருக்குத் தெரியாமல் அவருக்குச் செய்யும் நல்லது, நல்லதுதானா? எப்போதும் கழுத்தில் அளவு டேப்போடு திரியும் தையல்காரி டேப் அக்காவின் கடை வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

பேருந்து நிலையத்தின் பின்தெருவில், மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. இரண்டு தையல் மெஷின், ஒரு திரை, ஓர் ஆளுயரக் கண்ணாடி. அவள் விற்கும் எந்த உடையிலும் அளவு எண் இருக்காது. "நம்பரைப் பார்த்தாலே முகம் சுருங்கிடுது" என்று சீட்டைக் கத்தரித்துவிடுவாள். அளவெல்லாம் அவளுடைய நோட்டில் மட்டும்.

ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் நூலகர் ஒன்பது வருட வாடிக்கை. அவர் இடுப்பு மெல்ல மெல்லக் கூடியது. அக்கா சொல்லாமலே கூட்டித் தைத்தாள். அதை அன்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வாடிக்கை போய்விடுமோ என்று கொஞ்சம் பயமும் இருந்தது. "நான் முத நாள் பார்த்த மாதிரியே இருக்கேன்ல?" என்று நூலகர் கேட்கும்போதெல்லாம், இரண்டாவது மெஷினில் தைக்கும் அவள் நாத்தனாருக்கு இருமல் வரும்.

ஒருநாள் கடை திறக்கும்போதே நூலகர் வாசலில் நின்றார். பதினோரு மணிக்குத் தலைமை நூலகர் பதவிக்கான நேர்காணல். பழைய அளவைச் சொல்லி வெளியூரிலிருந்து வரவழைத்த கோட்டில் பொத்தான் எட்டவில்லை.

"மட்டமான கம்பெனி! அளவையே மாத்திட்டான்."

"ஆமான்னு சொல்லிடுங்க அண்ணி" என்று நாத்தனார் காதைக் கடித்தாள்.

தலையாட்டினால் வாடிக்கை தங்கும். அக்கா நோட்டை விரித்துக் காட்டினாள். "கம்பெனி மேல தப்பில்லைங்க. என் மேலதான்."

வரிக்கு வரி எண் ஏறியிருந்தது.

"சின்னப் பிள்ளையாட்டம் ஏமாத்தியிருக்கே என்னை!"

"கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டுத் திட்டுங்க. மணி ஆகுது" என்றாள் நாத்தனார்.

அக்கா பக்கத் தையலைப் பிரித்து, இருபுறமும் அதே கருநீலத்தில் பட்டை இணைத்தாள். பத்தரைக்குப் பொத்தான் ஏறியது. நூலகர் நோட்டிலிருந்த தன் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் திரையை விலக்கி நின்றார்.

"தலைமை நூலகர் வந்திருக்கேன். அளவெடு. சத்தமாச் சொல்லு, உன் நாத்தனாருக்கு இருமல் வரட்டும்."

மறுநாள், இத்தனை வருடம் ஊரார் எண்ணை மறைத்துவந்த அக்கா, தன் சட்டைக் காலரின் வெளிப்புறத்தில், தன் அளவு எண்ணைச் சிவப்பு நூலால் பெரிதாகத் தைத்து அணிந்து வந்தாள். இன்றும் அப்படித்தான் வருகிறாள். ஏன் என்று நாத்தனார் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.