சிகரெட்டை விட்ட வருஷம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கல்யாணம் நிச்சயமானதும் சிகரெட்டை விட்டேன். காலேஜ் நாளிலிருந்து கரமனை ஆற்றங்கரையில் ஒளிந்து நின்று பிடித்தது. அக்கிரகாரத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். வரப்போகிற மாமனார் வீடு மிகவும் ஆசாரமானது. விட்டதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

கல்யாணமாகி முதல் மழைக்காலத்தில் வயிறு கெட்டது. வெறும் பேதி என்று இருந்தேன். பிறகு சளியும் ரத்தமுமாகப் போயிற்று. செம்பும் கையுமாகக் கொல்லைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கொல்லைக்கு நடுவே இடுப்புயரச் சுவர்தான். என்னைக் கண்டதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உடம்பெல்லாம் கூசும்.

அப்போது சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் நாற்காலியை விட்டு எழுந்தபோது, பின் வரிசையிலிருந்த மலையாளி சிநேகிதர் சட்டென்று என் முதுகை ஒட்டி வந்து நின்றார்.

"மிண்டாம, ஒண்ணும் பேசாம நேரே நடங்கோ ஸாரே. நான் பின்னால வரேன்" என்றார் மெதுவாக.

வேஷ்டியில் கறை. வாசல்வரை என்னை மறைத்தபடியே வந்து, தன் மேல்துண்டை என் இடுப்பில் சுற்றிவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாள் என் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "வெள்ளம் மாறியோ? ஆகாரம் மாறியோ? புதுசா வல்லதும் உண்டோ?" என்று டாக்டர் கேட்டார். குடிக்கிற தண்ணீரும் சாப்பாடும் மாறவில்லை, புதிதாக எதுவும் இல்லை என்றேன்.

"அதே கிணத்து ஜலத்தைத்தான் எல்லாரும் குடிக்கறோம். இவருக்கு மட்டுமாக்கும் இப்படி. சிகரெட்டை நிறுத்தினப்பறம்தான் வந்தது" என்றாள் அவள்.

டாக்டர் சிரித்துவிட்டார். கெட்ட பழக்கத்தை விட்டால் வியாதி வருமா என்றார். நான் தலை நிமிரவில்லை.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன்: "நான் சிகரெட் பிடிச்சது நோக்கு எப்படித் தெரியும்?"

"பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே வாசனை அடிச்சுதே."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. சிகரெட்டை விட்ட பின் சிலருக்கு, ரத்தமாகப் போகிற இந்தப் பெருங்குடல் புண் தலைகாட்டும் என்று டாக்டர்களே சொல்லி, கிழவனான பிறகு கேட்டேன். அதற்காக அவர்கள் மறுபடி பிடிக்கச் சொல்லவில்லை, நானும் பிடிக்கவில்லை. கஞ்சியும் மோருமாக அது தணியும், திரும்ப வரும். கல்யாணப் பந்திகளில் உட்காருவதையே விட்டேன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"அந்தக் கறை வேஷ்டியைக் குடுங்கோ. இனிமே நீங்க ஒளிச்சு ஒளிச்சுத் துவைக்க வேண்டாம்."

கச்சேரியில் எழுந்து நின்றதைவிட, அதை அவள் கையில் கொடுத்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.