மூன்றாம் மேசை கம்ப்யூட்டரின் டிஎன்எஸ்

நம்பாவிட்டால் போங்கள், எனக்குக் கவலையில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்பவர்கள், பட்டப்பகலில் என் கழுத்து வேர்த்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். அது, அடிக்கிற புருஷன்களிடமிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கும் விடுதி. வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அங்கே ஒரு அம்மாவுக்கு நான்கு மணிக்கு வீடியோவில் கோர்ட் விசாரணை. வராவிட்டால் பிள்ளை அப்பனிடம் போய்விடும். இணையமோ காலையிலிருந்து படுத்துவிட்டது.

கோளாறு டிஎன்எஸ்ஸில். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அதன் முகவரியைக் கம்ப்யூட்டர் வெளியே ஒரு சர்வரிடம் கேட்கும். அந்தக் கேள்வியை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று நெட்வொர்க் செட்டிங்கில் 'கட்டாயம்' போட்டிருந்தார்கள். சர்வர் பதிலே சொல்லவில்லை. வேறு சர்வரைத் தேட எனக்குப் பொறுமை இல்லை. 'முடிந்தால்' என்று மாற்றினேன். பூட்ட முடியாவிட்டால் கேள்வி திறந்தபடியே போகும். எங்கே போனாலும் நான் செய்கிற குறுக்குவழி அது.

3.12. இணையம் வந்தது. "வந்துருச்சுக்கா," என்றேன் வார்டனிடம்.

3.14. போய்விட்டது. திறந்து பார்த்தால்... 'கட்டாயம்'.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மாற்றினேன். 3.21. மறுபடியும் 'கட்டாயம்'.

"யாருக்கா உள்ள பூந்து நோண்டுறது?"

"யாரும் இல்ல தம்பி. அந்த மூணாவது மேசைல யாரும் உக்கார்றதே இல்ல."

கதவோரம் அந்த அம்மா நின்றாள். "அண்ணா, நாலு மணிக்குள்ள சரியாயிடுமா?"

"ஆகும். சும்மா நச்சரிக்காதீங்க." சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

3.40. வெளியிலிருந்து எவனோ விளையாடுகிறான் என்று இணையக் கேபிளைப் பிடுங்கினேன். கீபோர்டையும் கழற்றித் தள்ளி வைத்தேன். மவுஸால் 'முடிந்தால்' போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

டக்...

கழற்றி வைத்த கீபோர்டிலிருந்து.

டக்... டக்...

பட்டன் தானாக அமுங்கியது. திரையில் 'கட்டாயம்'.

பயத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "என்னதான் வேணும் உனக்கு? அவ பிள்ள போயிடும்," என்றேன், யாரிடம் என்று தெரியாமல்.

சத்தம் நின்றது.

பிறகு... டக்.

சர்வர் முகவரிக் கட்டத்தில் ஓர் எண். இன்னொன்று. புள்ளி...

3.56. வேறொரு சர்வரின் முழு முகவரி. சேமித்தது நானில்லை.

கேபிளைச் செருகினேன். இணையம் வந்தது. அப்புறம் போகவே இல்லை.

நான்கு மணிக்கு அந்த அம்மா நீதிபதி முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளை அவளிடமே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வராந்தாவில் வார்டனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, விடுதி வேற வீட்ல இருந்துச்சு தம்பி. இதே கம்ப்யூட்டர், இதே மேசை. ஒரு பொண்ணு தினம் இதுல தன் மகளோட ஸ்கூல் பக்கத்தப் பாக்குமாம். அவ புருஷனுக்கு இன்டர்நெட் கம்பெனில வேலை. அந்த ஸ்கூல் பேர எந்த வீட்லேருந்து தட்டுறாங்கன்னு பாத்து, நேரா வந்துட்டான்."

"வந்து?"

"மேசைலேருந்து எந்திரிக்கக்கூட விடல."

"பூட்டித்தானே போயிருக்கும்? எப்படிப் பாத்தான்?"

"பூட்டித்தான் இருந்துச்சாம். அதுக்கு முந்தின வாரம் எவனோ ரிப்பேர் பண்ணிட்டுத் திறந்து போட்டுட்டுப் போயிட்டானாம். பழைய ஃபைல்ல ரசீது கிடக்கும், எடுக்கவா?"

எடுத்துக் கொடுத்தார். வேலை முடித்தவர் கையெழுத்து என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து. அந்த வீடு எனக்கு ஞாபகம்கூட இல்லை.