எடுக்கக் கூடாத போன்

காலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரீசார்ஜ் செய்யாவிட்டால் இந்த எண் ரத்தாகிவிடுமாம். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய பட்டன் போனின் எண் அது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், அந்தப் பட்டன் இடுக்குகளில் இன்னும் மல்லாட்டைத் தூசி வாசனை இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.

அது அமெரிக்காவில் வங்கிகள் விழுந்துகொண்டிருந்த காலம். பேப்பரைப் பிரித்தால் ஆள்குறைப்பு, பங்குச் சந்தைச் சரிவு. துபாயில் கட்டட வேலை நின்றுபோய்க் கோட்டக்குப்பத்துக்குத் திரும்பியவர்களில் என்னோடு வேலை பார்த்த நூர்ஜகானின் அண்ணனும் ஒருவர். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. திண்டிவனத்தில், மல்லாட்டை ஏலம் போகும் மார்க்கெட் கமிட்டிக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் நானும் அவளும் வேலை பார்த்தோம். அன்றன்றைய விலையை விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் சென்னைக் கம்பெனி அது. சந்தா கட்டத்தான் ஆளில்லை.

நூர்ஜகான்தான் வழி கண்டுபிடித்தாள். எங்களுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், திண்டிவனம், விழுப்புரம் இரண்டு கமிட்டி விலையும் அவர்கள் போனுக்கு வந்துவிடும். எந்த ஊருக்கு மூட்டையை ஏற்றுவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்யலாம். செய்திக்கு அடியில் விதைக்கடை விளம்பரம் ஒரு வரி, செலவுக்கு அது. முகையூர் வரை பரவிவிட்டது. ஒரே சட்டம், போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் கூப்பிட்டவர் காசு போய்விடும். மணியடித்தால் கை தானாக நீளுகிற ஆள் நான், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆபீஸை மூட சென்னையிலிருந்து மேனேஜர் வந்தார். போன் அடிக்கிறது, நாங்கள் சும்மா இருக்கிறோம்.

"கஸ்டமர் கூப்பிடறார், வேடிக்கை பாக்கறீங்களா? அப்புறம் கம்பெனி எப்படி உருப்படும்?"

"எடுக்காதீங்க சார்!" என்று நூர்ஜகான் கத்துவதற்குள் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றார்.

மறுமுனையில் காணையிலிருந்து ஓர் அம்மா. ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்டது. "யாருய்யா நீ? போன எதுக்கு எடுத்த? இருந்த காசும் போச்சு! வெலைய அனுப்பாம வணக்கம் சொல்லிக்கினு இருக்கான்!"

அவர் போனைப் பட்டென்று கட் பண்ணிவிட்டு மேசையில் வைத்தார். ஆனாலும் கம்ப்யூட்டர்களை வண்டியில் ஏற்றிவிட்டு, "இந்த போனையும் ஒப்படைச்சிடுங்க. மார்க்கெட் சரியில்ல" என்றார்.

"சிம்மு என் பேர்ல இருக்கு, போனு எங்க அண்ணன் கொண்டாந்தது. தர மாட்டேன் சார்" என்றாள் நூர்ஜகான். "எங்க ஊரு மார்க்கெட் நல்லாத்தான் நடந்துக்கினு இருக்கு. ஜன்னலைத் தொறந்து பாருங்க."

எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. மறுநாளே அதே ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டோம். ஒவ்வொரு விலையாகத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் காய்த்துப்போயிற்று. உரக்கடை விளம்பரமும் வந்தது. அவள் அண்ணன் மறுபடி வேலைக்குப் போகும்வரை அந்த வீட்டில் உலை கொதித்தது அதில்தான். சென்னைக் கம்பெனி எங்களுக்கு முன்பே மூடிக்கொண்டது. பிறகு நாங்களும் ஸ்டூலை எடுத்தபோது, போனை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள் நூர்ஜகான்.

இப்போது பேசக் காசு பார்ப்பவர் யாருமில்லை. விலை எல்லோர் கையிலும் வந்து விழுகிறது. நல்லதுதான். ஆனால் மிஸ்டு கால் போயிற்று, அந்த மாடிப்படியையும் இடித்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை, நூர்ஜகானைக் கூப்பிட்டேன்.

"நம்பர விட்டுடலாமாம்மா?"

"மேனேஜருக்கே குடுக்கல, மெசேஜுக்கா குடுப்பேன்? ஜல்தி ரீசார்ஜ் பண்ணுங்கண்ணா."

செய்தேன். கொஞ்ச நேரத்தில் பழைய போன் ஒருமுறை அடித்து நின்றது. திரையில் அவள் பெயர். என் கை கட்டியபடியே இருந்தது.