என் மனைவி கற்றுவந்த ஸ்குரூ பிரஸ்

ஓமலூரிலிருந்து ஜலகண்டாபுரம் போகும் வழியில் உள்ள ஒரு சாயப்பட்டறையில், கழிவுநீர் சுத்திகரிக்கும் பிரிவில் நானும் என் மனைவியும் வேலை பார்க்கிறோம். கழிவுநீர் தெளிந்தபின் அடியில் தங்கும் சாயச் சேற்றைப் பிழிவது என் வேலை. தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அவள் வேதியியல் படித்தவள். நான் பத்தாவதோடு நின்றவன்.

பதினோரு வருடங்களாக எங்களிடம் இருந்தது ஃபில்டர் பிரஸ்தான். துணி போர்த்திய தட்டுகளுக்கு நடுவே சேற்றை ஏற்றி இறுக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொரு தட்டாக விலக்கி, கெட்டிப்பட்டதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நான் பிழிந்தால் சேறு ஓடு மாதிரி உடையும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வருடம் முதலாளி ஸ்குரூ பிரஸ் வாங்கினார். முதலில் ஒரு தொட்டியில் கலக்கி என்கிற சுழலும் துடுப்பு சேற்றோடு மருந்தைக் கலந்து திரளவைக்கும்; பிறகு நீளமான திருகு ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டே சேற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். துணி கிடையாது, சுரண்டும் வேலை கிடையாது, எல்லாம் தொடுதிரையில். கோயம்புத்தூரில் ஒரு வாரப் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னார்கள், எந்திரத்தை விற்றவர்கள். என்னைத்தான் அனுப்புவார் என்று நான் புதுச் சட்டைகூட எடுத்து வைத்திருந்தேன்.

"உங்க ஊட்டுக்காரம்மாவ அனுப்புங்க. மருந்து அளவெல்லாம் அவங்களுக்குத்தான் புரியும்" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றேன்.

திரும்பி வந்தவள், சோறு போடும்போதெல்லாம் அந்த எந்திரத்தைப் பற்றியே பேசினாள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

எந்திரம் ஓடத் தொடங்கியது. சேறு கூழாகவே வந்தது. அவள் மருந்தைக் கூட்டினாள், குறைத்தாள், விற்றவர்களுக்குப் போன் போட்டாள். காரணம் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மருந்து சேர்ந்ததும் சேறு திரிந்த பால் மாதிரி திரண்டு வருகிறது. அந்தக் கலக்கி வேகமாகச் சுற்றுவதால் திரண்டது மறுபடி உடைந்துபோகிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. முதலாளி அவளிடம் குரலை உயர்த்தியபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் மதியம் அவள் கையுறையைக் கூடக் கழற்றாமல் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பையைப் பிரிக்கவே இல்லை.

"ஏனுங்க, எனக்கு இது வராதாட்ட இருக்குதுங்க. லேப் வேலையே போதும்னு சொல்லிரட்டுமா?"

நான் விரும்பியது அதைத்தான். ஆனால் அவள் வாயால் கேட்டதும் சாப்பாட்டுப் பையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"கலக்கியோட வேகத்தப் பாதியாக் கொறச்சுப் பாரு, புள்ள."

அரை மணி நேரத்தில் சேறு உதிரி உதிரியாக விழ ஆரம்பித்தது. அவள் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?"

"மொத நாளே."

அவள் கட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

சாயங்காலம் முதலாளியிடம், "அவருதான் கண்டுபிடிச்சாருங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்வியை அவளிடமே கேட்டார்.

இரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. அதற்கப்புறம் ஒரு காலையில் என்னைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது நான் தனியாகவே ஓட்டுகிறேன்.

போன வாரம் இளம்பிள்ளைப் பக்கம் ஒரு பட்டறைக்காரர், புதிதாக வாங்கிய எந்திரத்தைச் சரிபார்த்துக் கொடுக்க அவளைக் கூப்பிட்டார். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். என்னை ஏன் கூப்பிடவில்லை என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.