ஒரு கை கிளிஞ்சல்

சௌந்திரத்துக்குச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கத் தெரியாது. கோழி ஒன்று தலையைத் தொங்கப்போட்டால் மருந்து, கன்றுக்குட்டி சோர்ந்து படுத்தால் கஷாயம், வந்த விருந்தாளி கொட்டாவி விட்டால் காபி. எதையாவது கொடுத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். மோகனூர் ரோட்டை ஒட்டி அவளும் கணவர் சுப்பையனும் நடத்தும் முட்டைக்கோழிப் பண்ணை நிமிர்ந்து நின்றதற்கு அந்தக் குணம்தான் காரணம். ஊரடங்கு வருஷத்தில் பெற்ற மகளின் உழைப்பைக் கவிழ்க்கப் பார்த்ததும் அதே குணம்தான்.

நாமக்கல் பக்கம் முட்டை ஓடு மெலிந்தால் யாரும் உடனே டாக்டரைத் தேடி ஓடுவதில்லை. முதலில் கிளிஞ்சல் மூட்டையைப் பிரிப்பார்கள். கடற்கரையிலிருந்து லாரியில் வரும் சிப்பி உடைசல் அது. கோழி ராத்திரியில்தான் ஓடு கட்டும் என்பதால் வெயில் சாயும் நேரத்தில் தீவனத்தின் மேல் தூவிவிடுவார்கள். சௌந்திரம் இரண்டு முட்டைகளை ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டிப் பார்ப்பாள். சத்தம் சரியில்லையென்றால் அன்றைக்குக் கூட ஒரு கை விழும்.

மகள் தனப்பிரியா கடலோரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஊரடங்கு வந்து கூடத்தைப் பூட்டியபோது, துணிமணியை விட்டுவிட்டு இரண்டு கண்ணாடித் தொட்டிகளையும் கேன் கேனாகக் கடல்தண்ணீரையும் ஒரு மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வீட்டில் ஏசி இருந்தது ஒரே அறையில். தொட்டிக்குள் இருந்த கடல்பூச்சிகளுக்குச் சூடு ஆகாது என்றதும் சுப்பையன் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார். ஆசையாய் வாங்கிய ஏசியில் தான் ஒரு கோடை முழுசாகப் படுக்கவில்லை, கடல்பூச்சி வந்து படுத்துக்கொண்டது என்று போனில் பங்காளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பூச்சி என்றால் கடுகில் பாதிகூட இல்லாத இறால் சாதி. கோப்பிபாட் என்று தனப்பிரியா சொல்வாள். மீன்குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் சோறு. பெண்பூச்சி முட்டையைப் பையாக வாலோரம் கட்டித் தூக்கிக்கொண்டே திரியும். உலகத்து லாரியும் ஆலையும் விடும் புகையில் ஒரு பங்கைக் கடல் குடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் தண்ணீர் கொஞ்சங்கொஞ்சமாகப் புளிக்கிறது என்று அவள் விளக்கினாள். ஒரு தொட்டியில் இன்றைய கடல். இன்னொன்றில் பேரன் பேத்தி காலத்துக் கடல். அந்தப் புளித்த தொட்டிக்குள் சிலிண்டரிலிருந்து கரியமிலவாயு குமிழ் குமிழாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங்குக்கு வைத்திருந்த சிலிண்டரைச் சுப்பையன் கேட்டு வாங்கிவந்தார்.

புளித்த தண்ணீரில் முதல் தலைமுறை முக்கால்வாசி செத்துப்போனதாம். தப்பியவை முட்டை வைத்தன. அவற்றின் குஞ்சுகள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கின. மூன்று வாரத்துக்குள் பிறந்து தாயாகிவிடும் உயிர் என்பதால், கூடத்தில் தொடங்கிய இரண்டு வருஷத்தில் எத்தனையோ தலைமுறை தாண்டியாயிற்று. இப்போது இருப்பவை நல்ல தண்ணீர்ப் பூச்சிகளுக்குச் சமமாக முட்டை வைக்கின்றன. இந்த வம்சம் அறுந்தால் திரும்ப முதலிலிருந்துதான். கூடத்தில் விட்டுவந்த மிச்சத் தொட்டிகள் மின்சாரம் போன ஒருநாளில் அழிந்துவிட்டன. ஆக, தனப்பிரியாவின் படிப்பு முழுவதும் அந்த ஏசி அறையில் நீந்திக்கொண்டிருந்தது.

சௌந்திரத்துக்கு விளக்கமெல்லாம் புரிந்தது. மனசுதான் கேட்கவில்லை. வேண்டுமென்றே ஓர் உயிரைப் புளித்த தண்ணீரில் போட்டுவைப்பது என்ன படிப்போ என்று சுப்பையனிடம் முணுமுணுப்பாள்.

அப்போதுதான் தனப்பிரியாவுக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதனையில் கொரோனா என்று வந்து, நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிளம்புகிற அவசரத்தில் அவள் அம்மாவிடம் சொன்னது மூன்றே காரியம்: பூச்சிக்குத் தீனியான பாசிப்பச்சைத் தண்ணீரைக் காலையில் ஊற்ற வேண்டும், குமிழ் நிற்கக் கூடாது, வேறெதையும் தொடக் கூடாது.

சில நாள் கழித்துப் புளித்த தொட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சௌந்திரம் பார்த்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கால், கொம்பு எல்லாம் இருக்கிறது; உள்ளே ஒன்றுமில்லை. கூண்டில் ஓடு கட்டாத தோல்முட்டை விழுந்தால் பதறுகிற அதே பதற்றம் அவளுக்கு வந்தது. ஓட்டுக்குச் சத்து இல்லாமல் பூச்சி கரைந்து சாகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். மூச்சு வாங்கப் படுத்திருக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கலங்கடிப்பானேன் என்று தானே வைத்தியத்தில் இறங்கினாள். கிளிஞ்சலைக் கழுவி, அம்மியில் பொடித்து, துணியில் சலித்து, ஒரு கை போட்டாள். தண்ணீர் கலங்கித் தெளிந்தது. மறுநாளும் போட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போதெல்லாம் பூச்சியைப் பற்றித்தான் முதல் கேள்வி. "நல்லாருக்குது சாமி, நீ கண்ண மூடித் தூங்கு" என்பாள் சௌந்திரம். பொய் இல்லை. கிளிஞ்சல் போட்ட பிறகு தொட்டியில் குஞ்சுகள் மொய்த்தன.

தனப்பிரியா இளைத்துக் கறுத்துத் திரும்பிவந்த அன்று, சோறுகூட வைக்காமல் சௌந்திரம் அவளை அறைக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினாள். தனப்பிரியா குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. புளிப்பை அளக்கும் மீட்டரை எடுத்து ஒரு தொட்டியில் நனைத்தாள், அடுத்ததில் நனைத்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே காட்டின.

"என்னம்மா போட்ட?"

சௌந்திரம் சொன்னாள். செத்த கூடுகளைக் கண்டு பயந்து கிளிஞ்சல் போட்டதாக ஒன்றுவிடாமல் சொன்னாள். தனப்பிரியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது செத்ததில்லம்மா. சட்டை உரிச்சு வளந்தது."

கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடச் சௌந்திரத்துக்குத் தேவலை போலிருந்திருக்கும். தனப்பிரியா கத்தவில்லை. ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேவைப்படுவது சிப்பிக்கும் நத்தைக்கும்தான், இந்தப் பூச்சியின் ஓடு வேறு சாதி என்றாள். கிளிஞ்சல் கரைந்து புளிப்பை முறித்துவிட்டது, தண்ணீர் நல்லதாகிவிட்டதால் புளிப்பைத் தாங்காத குஞ்சுகளும் தாங்கும் குஞ்சுகளோடு சேர்ந்து பிழைத்துவிட்டன, இன்னும் சில தலைமுறை இப்படியே போனால் இத்தனை நாள் சலித்தெடுத்ததெல்லாம் கலந்துவிடும் என்றாள். நடந்ததை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதியாக வேண்டும் என்றும் சொன்னாள்.

 எத்தனையோ கோழி செத்த கோடையில்கூடச் சௌந்திரம் தன் கையை இப்படி வெறுத்ததில்லை.

செய்ய ஒரே வழி இருந்தது. மிச்சமிருந்த கடல்தண்ணீரை வேறு தொட்டியில் நிரப்பி, பூச்சிகளை மெல்லிய துணியில் வடித்து மாற்றி, வாயுவை நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்டி, பழைய புளிப்புக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டி மாற்றும்போது மூடிய சிலிண்டர் வால்வு இறுகிக் கிடந்தது. தனப்பிரியாவின் கையில் அதைத் திருப்பும் பலம் இல்லை.

"நீயே திருப்பும்மா."

"திருப்புனா என்னாகும் சாமி?"

"நீ காப்பாத்துனதுல பாதி சாகும். திருப்பலைன்னா எல்லாமே வீண்."

சௌந்திரம் ஸ்பேனரை வாங்கினாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் திருப்பினாள். குமிழ் கிளம்பியது. அடுத்தடுத்த நாட்களும் மகள் மீட்டரைப் பார்த்துச் சொல்ல, அவளே திருப்பினாள்.

செத்தன. இந்த முறை நிஜமாகவே செத்தன. வெறும் சட்டை கண்ணாடி மாதிரி தெரியும், செத்த உடம்பில் நிறம் தங்கியிருக்கும் என்ற வித்தியாசம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. காலையில் பார்ப்பாள், பண்ணைக்குப் போய்விடுவாள். சுப்பையன் கேலியை நிறுத்திக்கொண்டார்.

மகள் படுத்திருந்த ஒரு காலையில் பூதக்கண்ணாடிக்குள் ஒரு பூச்சி குறுக்கே போனது. வாலோரம் பை. சௌந்திரம் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போய் மகளைத் தொட்டு எழுப்பினாள்.

"முட்டை வெச்சிருக்குது சாமி."

தனப்பிரியா வந்து வெகுநேரம் பார்த்தாள். ஒன்று போதாதே என்றவள், பிறகு இன்னொன்றைக் கண்டாள், மூலையில் மற்றொன்றையும். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு சின்னப்பிள்ளை போல அழுதாள்.

அந்த முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் வளர்ந்த வாரம், தொட்டியின் அடியில் மறுபடியும் வெள்ளை வெள்ளையாகச் சட்டைகள் படிந்தன. வெயில் சாய்ந்து, கோழிக்குக் கிளிஞ்சல் தூவக் கிளம்பிய சௌந்திரம், பாத்திரத்தோடு அறை வாசலில் நின்றாள். உள்ளே போய்க் குனிந்து பார்த்தாள். கை பழக்கத்தில் பாத்திரத்துக்குள் போனது. போன கையை வெறுமனே எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கோழிக்கொட்டகைக்கு நடந்தாள்.